பெர்ஃப் ரிங் பஃபரில் தொலைந்துபோகும் அறிவிப்புகள்: கண்டறிந்து சரிசெய்யும் முறை

லினக்ஸ் கெர்னலில் 2009-ஆம் ஆண்டு 2.6.31 பதிப்புடன் சேர்ந்த பெர்ஃப், ஒரு நிரல் எந்தெந்த இடத்தில் நேரத்தைச் செலவிடுகிறது என்பதை மாதிரிகளாக ஒரு ரிங் பஃபரில், அதாவது முடிவை எட்டியதும் தொடக்கத்திலிருந்து மீண்டும் பயன்படும் வட்ட நினைவகப் பகுதியில், எழுதிவைக்கிறது. பஃபர் குறித்த அளவு நிரம்பியதும், தரவுக்காகக் காத்திருக்க உதவும் ‘போல்’ என்னும் அழைப்பில் உறங்கும் பயனர் நிரலை அது எழுப்பியாக வேண்டும்; இந்த எழுப்புதலே அறிவிப்பு. எழுப்பத் தவறினால் தரவு படிக்கப்படாமல் கிடக்கும். இடம் தீர்ந்தபின் வரும் மாதிரிகள் கைவிடப்படும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக் கல்லூரிகளில் சி மொழி கற்று, கெர்னலுக்குள் முதன்முறை நுழையும் மாணவர்களுக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

முதற்படி: சோதனைச் சூழல்

ஆய்வகக் கணினியின் சொந்தக் கெர்னலில் கை வைக்காமல், கியூஇஎம்யூ மெய்நிகர்க் கணினியில் வேலை செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊர் நம்முடையது. ஆகவே ஒவ்வொரு மாற்றத்தையும் கிட்டில் கமிட் செய்தபின் தொகுக்கத் தொடங்குங்கள். கேவிஎம் என்னும் கெர்னலின் மெய்நிகராக்க வசதியுடன், உள்ளே இருக்கும் கணினிக்கு வன்பொருள் எண்ணிகள் (சிபியூவுக்குள் நிகழ்வுகளை எண்ணுபவை) தெரியும்படி இயக்குவது முக்கியம். சிபியூ கிளாக் என்னும் மென்பொருள் நிகழ்வு டைமரைக் கொண்டு இயங்குகிறது. எக்ஸ்86 கணினியில் வன்பொருள் எண்ணிகளோ என்எம்ஐ எனப்படும் தடுக்க முடியாத குறுக்கீட்டில் வருகின்றன. கடினமான பிழைகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்தான் வெளிப்படும்.

இரண்டாம் படி: பிழையை அளவிடுதல்

ஒரு தலைப்புப் பக்கமும் எட்டுத் தரவுப் பக்கங்களும் கொண்ட பஃபரை எழுதும் அனுமதியுடன் எம்மேப் செய்து (உங்கள் நிரலின் நினைவகத்தில் இணைத்து), எவ்வளவு நிரம்பினால் எழுப்ப வேண்டும் என்ற எழுப்பும் குறியை 8192 பைட்டாக வைத்து, போல் அழைப்புக்கு ஒரு விநாடிக் கெடு கொடுங்கள். அழைப்பு திரும்பும் ஒவ்வொரு முறையும், கெர்னல் எழுதி முடித்த இடமான டேட்டா ஹெட், நீங்கள் படித்து முடித்த இடமான டேட்டா டெயில் இரண்டையும் அச்சிடுங்கள். டேட்டா ஹெட் பஃபரின் முடிவில் பூஜ்யத்துக்குத் திரும்பாமல் ஏறிக்கொண்டே போவதால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தாலே படிக்காமல் எஞ்சிய அளவு கிடைக்கும். முழுவதும் படித்து முடித்தபின் போலுக்குச் சென்ற நிரல், கெடு முடிந்து திரும்பும்போது எச்சம் குறியைத் தெளிவாகத் தாண்டியிருந்தால், அறிவிப்பு தொலைந்திருக்கிறது. எப்போதாவது ஒருமுறை வெறும் பஃபருக்காக எழுப்பப்படுவது பிழையன்று. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே குறி தாண்டப்பட்டால் அப்படித்தான் நேரும்.

மூன்றாம் படி: முதலில் பயனர் நிரலைச் சோதித்தல்

கெர்னலைச் சந்தேகிக்கும் முன் உங்கள் நிரலைப் பாருங்கள். போல் அழைப்பு, தயார் என்ற கொடியைப் படித்தவுடன் அழித்துவிடுகிறது. ஆகையால் ஒரு பதிவை மட்டும் எடுத்துவிட்டு மீண்டும் போலுக்குச் சென்றால், மீதி இருப்பதை யாரும் நினைவூட்ட மாட்டார்கள். ஹெட்டும் டெயிலும் சமமாகும்வரை படிக்க வேண்டும். குறியைப் பைட்டுகளில் வைக்காமல் நிகழ்வு எண்ணிக்கையில் வைத்திருந்தால், மாதிரிப் பதிவுகள் மட்டுமே எண்ணப்படும். ஹெட்டைப் படித்தபின் நினைவகத் தடுப்பு (படித்தல், எழுதுதல் வரிசை மாறாமல் காப்பது) தேவை. டெயிலை எழுதுமுன்னும் தேவை.

நான்காம் படி: கெர்னலில் வரிசையைப் படித்தல்

கெர்னல் அடைவில் ஈவென்ட்ஸ் என்ற பகுதியிலுள்ள ரிங் பஃபர் கோப்பைத் திறந்து, பெர்ஃப் அவுட்புட் புட் ஹேண்டில் என்ற செயற்கூற்றை நிதானமாகப் படியுங்கள். ஒரு பதிவை எழுதிக்கொண்டிருக்கும்போதே என்எம்ஐ குறுக்கிட்டு, அதே பஃபரில் இன்னொரு பதிவை எழுதக்கூடும். வெளிப்பதிவு அரைகுறையாக இருப்பதால், உட்பதிவை முடித்தவர் டேட்டா ஹெட்டை முன்னேற்றக் கூடாது; அது கடைசியாக வெளியேறுபவரின் பொறுப்பு. உட்பதிவை முடித்தவரே அவசரப்பட்டு அறிவிப்பையும் அனுப்பினால், வேறொரு சிபியூவில் விழிக்கும் வாசகர் பழைய ஹெட்டைப் பார்த்துவிட்டு மீண்டும் உறங்கிவிடுவார். மேட்டூரில் திறந்த செய்தி கேட்டுக் கடைமடை விவசாயி உடனே வாய்க்காலைப் பார்த்துத் தண்ணீர் இல்லையென்று திரும்பிவிட, நாள்கள் கழித்து நள்ளிரவில் தண்ணீர் வந்து சேர்வதை அவருக்குச் சொல்ல ஆளில்லாமல் போவதைப் போன்றது இது.

சரியான நிரல் இதைத் தவிர்க்கும் விதம் அழகானது. உட்புறத்தவர், ஒன்றுக்குள் ஒன்றாக எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்பதைக் காட்டும் நெஸ்ட் எண்ணைக் குறைத்துவிட்டு அமைதியாக வெளியேறுகிறார். வெளிப்புறத்தவர் ஹெட்டை வெளியிட்டு, நெஸ்ட்டைப் பூஜ்யமாக்கி, அந்த இடைவெளியில் யாராவது எழுதினார்களா என்று மறுபடி பார்த்து, எழுதியிருந்தால் திரும்பவும் வெளியிடுகிறார். அதன்பிறகே, தொடக்கத்தில் குறித்துவைத்த வேக்கப் மதிப்பு (குறி தாண்டப்படும்போது கூடும் எண்) மாறியிருக்கிறதா என்று ஒப்பிட்டு அறிவிக்கிறார்.

ஐந்தாம் படி: திருத்துதல்

உங்கள் மாற்றத்திலும் இந்த வரிசை குலையக் கூடாது: தரவு, ஹெட், அறிவிப்பு. காத்திருப்பவர் பக்கத்தில் வரிசை வேறு: முதலில் காத்திருப்புப் பட்டியலில் சேர வேண்டும், பிறகே கொடியைப் பார்க்க வேண்டும், மாற்றிச் செய்தால் இரண்டுக்கும் நடுவே வரும் அறிவிப்பு தவறிவிடும். என்எம்ஐக்குள்ளிருந்து நேரடியாக எழுப்பவும் கூடாது. குறுக்கிடப்பட்ட நிரல் வைத்திருக்கும் பூட்டையே எழுப்புதல் கேட்டால், கணினி உறைந்துவிடும். அதனால்தான் அந்த வேலையை, என்எம்ஐ முடிந்தபின் பாதுகாப்பாகச் செய்வதற்கான ஐஆர்க்யூ ஒர்க் வரிசையில் போட்டுவைக்கிறார்கள். அதற்குத் தனிக் குறுக்கீடு இல்லாத கட்டமைப்புகளில் அடுத்த டைமர் துடிப்புவரை தாமதமாகும். அந்தத் தாமதத்தை இழப்பென்று எண்ணிவிடாதீர்கள்.

போல் கெடுவைக் குறைத்து அறிகுறியை மறைக்கும் திருத்தத்தை நான் ஏற்பதில்லை. தரவு தாமதமாகவாவது வருவதால் பிழை மேலும் ஆழத்தில் ஒளிந்துகொள்ளும்.

ஆறாம் படி: சரிபார்த்து அனுப்புதல்

எல்லாக் கோர்களுக்கும் சுமை கொடுத்து, வன்பொருள் நிகழ்வையும் டைமர் நிகழ்வையும் ஒரே பஃபருக்குத் திருப்பிவிட்டு, இரண்டாம் படியின் நிரலை இரவு முழுவதும் ஓடவிடுங்கள். பிறகு செக்பேட்ச் கருவியால் வடிவத்தைச் சரிபார்த்து, கெட் மெயின்டெய்னர் கருவி காட்டும் பராமரிப்பாளர்களுக்கு அனுப்புங்கள். பிழையைப் புகுத்திய கமிட்டின் ஹாஷில் முதல் 12 எழுத்துகளை ஃபிக்ஸஸ் வரியில் எழுதி, எந்தச் சிபியூவில் எந்த வரிசையில் நடந்தால் அறிவிப்பு தொலைகிறது என்பதை விளக்கத்தில் படிப்படியாகத் தாருங்கள்.