ஏற்றிய பிறகு படம் தெரியவில்லையா? கோப்புப் பெயரைப் பாருங்கள்

இணையப் பக்கத்தை ஏற்றுவதற்கு முன், படங்கள் உட்பட எல்லாக் கோப்புகளின் பெயரையும் ஆங்கிலச் சின்ன எழுத்துக்கு மாற்றிவிடுங்கள். இடைவெளி இருந்தால் அங்கே ஒரு சிறுகோடு போடுங்கள். பக்கத்தின் நிரலிலும் அதே பெயர் அப்படியே இருக்கட்டும்.

விண்டோஸ் கணினி பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. அதனால் வீட்டில் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் இணையப் பக்கங்களை வைத்திருக்கும் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுகின்றன; அங்கே ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு கோப்பு, உடனே ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று சொல்லும் 404 பிழை வந்துவிடும். பல கேமராக்கள் பெயரின் கடைசியில் வரும் ஜேபிஜி என்பதைப் பெரிய எழுத்தில் சேமிக்கும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

கோப்புகளை ஏற்றி வைக்கும் கிட்ஹப் தளத்தில் பக்கம் வைத்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: பெயரில் பெரிய எழுத்தைச் சின்ன எழுத்தாக மட்டும் மாற்றினால், கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் ‘கிட்’ மென்பொருள் விண்டோஸில் அதைக் கண்டுகொள்ளாமல் விடலாம். முதலில் வேறு பெயர் கொடுத்து கமிட் செய்துவிட்டு (அதாவது மாற்றத்தைப் பதிவுசெய்துவிட்டு), அப்புறம் சரியான பெயருக்கு மாற்றி மீண்டும் கமிட் செய்யுங்கள்.

உங்கள் கணினியிலேயே படம் தெரியவில்லை என்றால் பெயரின் எழுத்தை மாற்றுவது உதவாது. ஃபோல்டர் பாதை தவறாக இருக்கலாம். நிரலில் படத்தின் முகவரி சி டிரைவிலிருந்து தொடங்கினாலும் பெயர் மாற்றம் உதவாது. அந்தப் படம் உங்கள் கணினியில் மட்டுமே தெரியும்.