பிள்ளைகள் நடக்கும் வழியைக் காப்பது: கிராமத்தில் குற்றத் தடுப்புப் பயிற்சி நடத்தும் முறை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில், மேல்நிலைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் பலர் பேருந்து நிற்கும் இடம் வரை மாந்தோப்புகளின் ஓரமாக நடந்தே வருகிறார்கள். அந்த வழியில் ஒருவன் பெண் பிள்ளைகளுக்குத் தொல்லை கொடுக்கிறான் என்று தெரிந்தால், பல வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது பெண்ணின் படிப்புதான். படிப்பு நின்ற வீட்டில் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு எழ அதிக நாள் ஆவதில்லை. அதனால்தான் வழியைக் காப்பதைப் படிப்பைக் காப்பதாகவே நான் கருதுகிறேன். காவலர், ஆசிரியர், ஊர் மக்கள் மூவரும் சேர்ந்து செய்யக்கூடிய ஒரு மாலை நேரப் பயிற்சியை, இதுவரை இப்படி எதையும் நடத்தியிராதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு வழியைத் தேர்ந்தெடுங்கள்

திருட்டு, போதைப்பொருள், இணைய மோசடி என அனைத்தையும் ஒரே நாளில் பேச முயன்றால் எதுவும் மனத்தில் நிற்காது. பள்ளிக்குச் செல்லும் ஒரு வழி, அதில் ஒரு குறிப்பிட்ட நேரம் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1979-இல் முன்வைத்த கருத்து இதற்கு அடிப்படையாக உதவும்: குற்றம் செய்யத் துணிந்தவர், அவர் குறிவைக்கும் ஆள் அல்லது பொருள், தடுக்க ஆளில்லாத நிலை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூடும்போது குற்றம் நிகழ்கிறது. இவற்றில் மூன்றாவதை மாற்றுவது ஊராரின் கையில் இருக்கிறது.

அழைக்க வேண்டியவர்கள்

காவல் நிலைய ஆய்வாளருக்குக் கடிதம் கொடுத்து, பெண் உதவி ஆய்வாளர் ஒருவரை அனுப்பும்படி கேளுங்கள். பள்ளித் தலைமையாசிரியரோடு பள்ளி மேலாண்மைக் குழுவையும் அழையுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருப்பதால், ஊரின் நிலை அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். ஊராட்சித் தலைவரும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் வருவார்கள். பலர் மறந்துவிடுவது தோப்புக் காவலாளியையும், டீக்கடைக்காரரையும், விடியும் முன்பே கம்பெனிப் பேருந்துக்காகக் காத்து நிற்கும் பெண்களையும்தான். அந்த வழியை நாள்தோறும் பார்ப்பவர்கள் அவர்களே.

கோலப்பொடியால் வரைபடம்

பெற்றோரும் காவலரும் வருவதற்கு முன், பள்ளித் திடலில் பிள்ளைகளைத் தனியாக அமர்த்தி, தாங்கள் நடந்து வரும் வழியைக் கோலப்பொடியால் தரையில் வரையச் சொல்லுங்கள். "உனக்கு என்ன நடந்தது?" என்று கூட்டத்தில் எந்தப் பிள்ளையிடமும் கேட்கக் கூடாது. "எந்த இடம் வந்தால் வேகமாக நடப்பாய்?" என்று மட்டும் கேட்டு, அந்த இடத்தில் ஒரு சிட்டிகை குங்குமம் வைக்கச் சொல்லுங்கள். ஆண் பிள்ளைகளையும் கேளுங்கள். அவர்களுக்கும் அஞ்சும் இடங்கள் உண்டு, கேட்பாரில்லாததால் சொல்வதில்லை.

அந்த வழியில் நடந்து பாருங்கள்

நாங்கள் முதன்முதலாக இதைச் செய்தபோது பிற்பகல் 2 மணிக்கு நடந்தோம். வெயில் பளீரென்று அடித்தது, எங்கும் குறை தென்படவில்லை. சிறப்பு வகுப்பு முடிந்து பிள்ளைகள் திரும்பும் மாலை 6.30 மணிக்கு மறுநாள் போனபோதுதான், இடிந்த மோட்டார் அறையின் பின்புறத்தில் ஆள் நின்றால் தெரியவே தெரியாது என்பது புரிந்தது. ஆகவே பிள்ளைகள் நடக்கும் நேரத்தில்தான் நீங்களும் நடக்க வேண்டும்.

குங்குமம் வைத்த இடங்களில் நின்று மூன்றைப் பாருங்கள். முதலாவது, பார்வை மறைகிறதா என்பது. புதர் இரண்டடிக்கு மேல் வளராமலும், மரக்கிளை ஏழடிக்குக் கீழே தொங்காமலும் இருந்தால், வழியில் போகிறவருக்கு முன்னால் இருப்பது தெரியும். இதற்காகப் புளியமரத்தையே வெட்டிவிட வேண்டாம், கிளையைக் கழித்தாலே போதும். இரண்டாவது வெளிச்சம். ஒரே இடத்தில் கண்ணைக் கூசவைக்கும் விளக்கைப் போட்டால் அதற்கு அப்பாலுள்ள இருட்டு இன்னும் அடர்த்தியாகத் தெரியும் என்பதால், சீராகப் பரவும் வெளிச்சமே நல்லது. எரியாத விளக்குகளின் மின்கம்ப எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வீடோ கடையோ இருக்கிறதா என்பது.

சட்டத்தைப் பேசிப் பழகுங்கள்

இதை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். குழந்தைக்குப் பாலியல் குற்றம் நேர்ந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு கூறுகிறது. மறைத்தால் 6 மாதம் வரையும், மறைத்தவர் ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் எனில் ஓராண்டு வரையும் சிறைத் தண்டனை உண்டு. பள்ளியின் பெயர் கெடும், ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்போம் என்பதற்கு இதில் இடமே இல்லை.

ஒருவர் ஆசிரியராகவும் மற்றொருவர் மாணவியாகவும் உட்கார்ந்து நடித்துப் பாருங்கள். மாணவியாகப் பெரியவர் ஒருவரே நடிக்கட்டும். "என்கிட்ட சொன்னது நல்லதும்மா, உன்மேல எந்தத் தப்பும் இல்லை" என்று சொல்லிவிட்டு, துருவித் துருவிக் கேட்காமல் காவல்துறைக்குத் தெரிவிக்கும் வேலைக்குச் செல்வதுதான் பயிற்சி. சீருடை இல்லாமல் பிள்ளையின் வீட்டிற்கே சென்று, இயன்றவரை பெண் அதிகாரியே வாக்குமூலம் பெற வேண்டும் என்ற விதியைக் காவலர் தம் வாயால் ஊராருக்குச் சொல்லட்டும். நிலையத்துக்குப் போக வேண்டுமே என்ற அச்சம் பாதி குறைந்துவிடும். பிள்ளையின் பெயரோ படமோ எந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் போகக் கூடாது.

குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, அவசரக் காவல் உதவிக்கு 112 ஆகிய எண்களை எல்லோரும் கைப்பேசியில் பதிந்துகொள்ளட்டும். குழந்தைத் திருமண ஏற்பாடு பற்றித் தெரிந்தாலும் 1098-ஐ அழைக்கலாம்.

பொறுப்பைப் பெயரோடு எழுதுங்கள்

ஒரு தாளில் குறை, அதைச் சரிசெய்யப் பொறுப்பேற்றவர், முடிக்கும் நாள் ஆகியவற்றை எழுதி மூன்று தரப்பினரும் கையெழுத்திட வேண்டும். விளக்கும் புதரும் ஊராட்சியின் பொறுப்பு. பள்ளி விடும் நேரத்து ரோந்து காவல் நிலையத்தின் பொறுப்பு. பிள்ளைகளைக் கூட்டமாக அனுப்புவது பள்ளியின் பொறுப்பு. "பெண் பிள்ளைகள் மாலையில் வெளியே வரக் கூடாது" என்று யாராவது எழுதச் சொன்னால், பணிவாக, ஆனால் உறுதியாக மறுத்துவிடுங்கள். செலவு பிடிக்கும் வேலைகளை அடுத்த கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள்; ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது.

மூன்று மாதம் கழித்து, அதே பிள்ளைகளிடம் மறுபடியும் கோலப்பொடியையும் குங்குமத்தையும் கொடுங்கள். பழைய இடத்திலேயே குங்குமம் விழுந்தால், தாளை எடுத்துக்கொண்டு, அதில் அந்த இடத்திற்கு நேராகப் பெயர் எழுதியவரையும் கூட்டிக்கொண்டு, அன்று மாலையே அங்கே போய் நில்லுங்கள்.