சின்னப் படகுக்கு நங்கூரம் கட்டும்போது
மட்டக்களப்பு வாவியில் தூண்டில் போடப் போகிறவர்கள் பலர் கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி இறக்கிவிடுவார்கள், காற்றில்லாத காலையில் அது சரி, கச்சான் காற்று எழும்பினால் படகு கல்லையும் இழுத்துக்கொண்டு போகும். சேற்றுக்கு அகலத் தகடுள்ள நங்கூரம்தான் பிடிக்கும். அதற்கும் கயிற்றுக்கும் நடுவில் 2 மீற்றர் சங்கிலி போடுங்கள். அந்தப் பாரம்தான் நங்கூரத்தின் தண்டைக் கிடையாக வைத்திருக்கும். கயிறு நைலோன். மிதக்கிற நீலக் கயிறு எஞ்சின் காற்றாடியில் சுற்றும் (நான் கத்தியோடு தண்ணீரில் இறங்கியிருக்கிறேன்). ஆழத்தோடு அணியத்தின் (படகின் முன்பக்கம்) உயரத்தையும் கூட்டி, அதைப்போல 5 மடங்கு, காற்றென்றால் 7 மடங்கு கயிறு விடுங்கள். கட்டுவது அணியத்தில், பின்பக்கத்தில் கட்டினால் அலை உள்ளே ஏறும். அப்புறம், மறுமுனையைப் படகில் கட்டிய பிறகே இறக்குங்கள்.