பழைய ஜெர்மன் படைவீரர் ஆவணங்களும் போர்க்காலப் படங்களும்: புதிதாகச் சேகரிப்பவர்களுக்கு

பழைய படம் ஒன்று கைக்கு வந்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன் முதுகைப் பாருங்கள். பென்சிலில் கிறுக்கிய ஊர்ப்பெயர், தேதி, அச்சுத்தாள் நிறுவனத்தின் முத்திரை எல்லாம் அங்கேதான் இருக்கும். நம் பேச்சில் 'எம்டன்' என்ற சொல்லை விட்டுச்சென்ற கப்பல், 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. அந்தக் கப்பலின் படம் போட்ட ஜெர்மன் அஞ்சலட்டை ஒன்றின் முதுகில்தான் என் சேகரிப்பு தொடங்கியது.

படி 1: தனிப் படம் வேண்டாம், ஒருவரின் தொகுப்பை வாங்குங்கள்

தொடங்கிய புதிதில் இணைய ஏலத்தில் அழகான நான்கு படங்களை வாங்கினேன். ஆல்பத்திலிருந்து பிய்த்து எடுத்தவை. அதே ஆல்பத்தின் மீதிப் படங்கள் வேறு வேறு ஆட்களுக்குப் போய்விட்டதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பக்கங்களில் எழுதியிருந்த குறிப்புகளும் அதோடு போயின. என்னிடம் இருக்கும் நால்வரும் யார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் சொல்கிறேன்: ஒரே ஆளின் கையேடும் நான்கைந்து படங்களும் ஒன்றிரண்டு கடிதங்களும் சேர்ந்து வந்தால், படங்கள் சுமாராக இருந்தாலும் அதையே வாங்குங்கள். வாங்கிய பிறகு பிரிக்காதீர்கள்.

படி 2: எந்தக் கையேடு என்று பாருங்கள்

முதல் உலகப் போர்க்காலத்தில் சிப்பாயின் பணிப்பதிவு 'மிலிட்டேர்பாஸ்'. இரண்டாம் போரில் இரண்டு கையேடுகள் உண்டு, புதியவர்கள் குழம்புவது இங்கேதான். 'சோல்ட்பூக்' என்பது சம்பளப் புத்தகம், அடையாள அட்டையும் அதுவே. சிப்பாய் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார். 'வேர்பாஸ்' பணிக்காலம் முழுக்கப் படைப்பிரிவின் அலுவலகத்தில் இருக்கும். அவர் இறந்தால் குடும்பத்துக்குப் போகும். கலந்துகொண்ட சண்டைகளின் பட்டியல் வேர்பாஸில்தான் வரும்.

சோல்ட்பூக் கிடைத்தால் நிதானமாகப் புரட்டுங்கள். முதல் பக்கத்தில் பதவி உயர்வுகள் தேதியோடு ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். கழுத்தில் அணியும் அடையாளத் தகட்டின் எழுத்துகள், ரத்த வகை, விஷவாயு முகமூடியின் அளவு ஆகியவையும் அங்கேயே. இரண்டாம் பக்கத்தில் பிறந்த ஊர், தொழில், உயரம், கண்ணின் நிறம், காலணி அளவு. ஒரு மனிதர் நம் முன் வந்து நிற்பது இந்தப் பக்கத்தில்தான். தச்சர் என்றோ பால்காரர் என்றோ படிக்கும்போது சீருடைக்குள் இருந்த ஆள் தெரிவார்.

அட்டையின் உட்புறத்தில் ஆளின் படம் இருந்தால் பூதக்கண்ணாடி எடுங்கள். படத்தின் மீது பாதியும் தாளின் மீது பாதியுமாக விழுந்த வட்ட முத்திரையின் கோடு இரண்டிலும் சேர வேண்டும். படத்தைப் பிடித்திருக்கும் கம்பி துருப்பிடித்திருந்தால் தாளிலும் அதே இடத்தில் கறை இருக்கும். கோடு தள்ளிப் போயிருந்தாலோ, பயன்படாத துளைகள் கூடுதலாக இருந்தாலோ படம் மாற்றப்பட்டிருக்கலாம். படமே இல்லாததால் மட்டும் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். தொடக்கத்தில் படம் ஒட்டும் வழக்கம் இல்லை. ஐந்தாறு ஆண்டுப் பதிவுகள் எல்லாம் ஒரே மையில் ஒரே கையெழுத்தில் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

படி 3: கையெழுத்தைப் படிக்கப் பழகுங்கள்

அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் மிரள வேண்டாம். பழைய வடிவத்துக்குக் குரென்ட் என்று பெயர். அதை எளிமையாக்கிய ஸூட்டர்லீன் 1915 முதல், ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் பள்ளிகளில் வந்தது. 1941-ல் நாஜி அரசே இவற்றைக் கைவிட்டது. ஆனால் பள்ளியில் கற்ற கை அதற்குப் பிறகும் அப்படியேதான் எழுதியது. இதில் 'e' எழுத்து இன்றைய 'n' போலத் தெரியும். 'u'வின் தலையில் ஒரு சிறு வளைவு இருக்கும். எழுத்துப் பட்டியலைப் பார்த்து உங்கள் பெயரை ஒரு வாரம் எழுதிப் பழகினால் கண் பிடித்துக்கொள்ளும்.

படி 4: படத்தின் காலத்தைக் கணியுங்கள்

எந்தப் பொருள் எந்த ஆண்டுக்கு முன் இருந்திருக்கவே முடியாது என்று யோசியுங்கள். எஃகுத் தலைக்கவசம் 1916-ல் பரவியது. கூர்முனைத் தோல் கவசத்தின் உறையில் எண் இருந்தால் அது ரெஜிமென்ட் எண். இரண்டாம் போரில் முன்விளிம்பு வைத்த பொதுத் தொப்பி 1943-ல் வந்தது. மலைப்படையினரிடம் மட்டும் அதுபோன்றது முன்பே இருந்தது. கிழக்குப் போர்முனையின் குளிர்காலப் பதக்கம் 1942 மே மாதம் நிறுவப்பட்டது. அதன் நாடா பொத்தான் துளையில் தெரிந்தால் படம் அதற்குப் பிந்தியது.

தரைப்படையின் கழுகுச் சின்னம் அணிபவரின் வலது மார்பில் இருக்கும், நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான வாஃபன் எஸ்எஸ் படையினருக்கு இடது கையில். தரைப்படை வீரரின் இடது மார்பில் கழுகு தெரிந்தால் படச்சுருளைத் திருப்பி அச்சிட்டிருப்பார்கள், பொத்தான் பட்டியும் பக்கம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். வண்டியின் எண் பலகையில் 'டபிள்யூ எச்' தரைப்படை, 'டபிள்யூ எல்' விமானப்படை, 'டபிள்யூ எம்' கடற்படை.

பிறகு தாள். அக்ஃபா, லியோனார், மிமோசா போன்ற பெயர்கள் பின்பக்கத்தில் மங்கலாக இருக்கும். இருட்டறையில் புற ஊதா விளக்கடித்தால் நீல வெள்ளையாகப் பளிச்சிடும் தாள் போருக்குப் பிந்தைய அச்சு, அப்படிப் பளிச்சிட வைக்கும் வெண்மையூட்டி ரசாயனங்கள் 1950களில்தான் படத்தாளில் வந்தன. பளிச்சிடாததால் மட்டும் அசல் என்று முடிவு கட்டாதீர்கள். சிப்பாய்கள் படங்களைப் பிரதி எடுத்து மாற்றிக்கொள்வார்கள் என்பதால், ஆல்பத்தில் இருக்கும் படத்தை ஆல்பக்காரர்தான் எடுத்தார் என்றும் சொல்ல முடியாது.

கடித உறையில் ஐந்து இலக்கக் கள அஞ்சல் எண் இருந்தால், அது படைப்பிரிவின் பெயரை மறைக்க வைத்த குறியீடு. சில எண்கள் பின்னாளில் வேறு பிரிவுக்குக் கைமாறியதால் தேதியோடு சேர்த்தே தேடுங்கள்.

படி 5: தெரிந்ததையும் ஊகத்தையும் தனித்தனியாக எழுதுங்கள்

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 1995-ல் ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் ஜெர்மன் படையின் குற்றங்களைப் பற்றிக் கண்காட்சி நடத்தியது. சில படங்களில் கிடந்த உடல்கள் சோவியத் ரகசியப் போலீஸ் கொன்றவர்களுடையவை என்று ஆய்வாளர்கள் காட்டியதும் 1999-ல் அது நிறுத்தப்பட்டது. வரலாற்றாசிரியர் குழு ஆராய்ந்ததில், சுமார் 1400 படங்களில் அங்கே இருக்கக் கூடாதவை 20-க்கும் குறைவு. கண்காட்சி சொன்ன அடிப்படை உண்மை சரியே என்றும் குழு சொன்னது. அந்தச் சில தவறான விளக்கங்கள் போதும், முழு உண்மையையும் மறுக்க நினைப்பவர்களுக்கு. அதனால் என் நோட்டில் இடப்பக்கம் கண்ணால் கண்டது, வலப்பக்கம் என் ஊகம். குற்றக் காட்சி உள்ள படம் வந்தால் விற்காதீர்கள், ஆவணக் காப்பகத்துக்குத் தெரிவியுங்கள்.

படி 6: பாதுகாப்பு

லேமினேஷன், செல்லோடேப், பிளாஸ்டிக் வாசம் அடிக்கும் உறை மூன்றும் கூடாது. பாலியெஸ்டர் உறையில் வைத்து, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத பெட்டியில் போடுங்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் வந்துவிடும். இருபுறமும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவதைச் சட்டம் தடுக்கிறது, ஆய்வுக்கும் கல்விக்கும் விலக்கு உண்டு. இணையத்தில் பகிர்வதாக இருந்தால் விளக்கத்தோடு பகிருங்கள்.

படி 7: காப்பகத்துக்கு எழுதுங்கள்

பெயர், பிறந்த தேதி, ஊர், தகட்டு எழுத்துகள் கிடைத்ததும், இரண்டாம் போர் வீரர் என்றால் பெர்லினில் உள்ள கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம். முதல் போர் என்றால் ஊர் முக்கியம். பவேரியா வீரர்களின் பதிவேடுகள் மியூனிக்கில் இருக்கின்றன. பிரஷ்யப் படையின் ஆவணங்கள் பெரும்பாலும் 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் குண்டுவீச்சில் எரிந்துபோயின. உங்கள் கையில் இருப்பது பிரஷ்ய வீரரின் மிலிட்டேர்பாஸ் என்றால், அவர் பணியாற்றியதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே எழுத்துச் சான்று அதுவாக இருக்கலாம். முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள்.