சீக்குக்கோழியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் கொல்லையில் செவலை என்று ஒரு பெட்டைக்கோழி இருந்தது. ஆறு வருடம். நான் துணி துவைத்தால் கல்லுக்குப் பக்கத்திலேயே நிற்கும். போன ஐப்பசி அடைமழையில் போய்விட்டது. கடைசி நான்கு நாளில் நான் செய்தவற்றில் பாதி தவறு. உங்கள் வீட்டுக் கோழி ஒன்று தூங்கி விழுந்துகொண்டு நின்றால், அதற்கு அந்தக் கஷ்டம் வேண்டாம்.

"மழைக்குளிர், நாளைக்குச் சரியாகிவிடும்" என்று ஒரு நாள் விட்டதுதான் முதல் தவறு. கோழி தன் நோவை முடிந்தவரை காட்டாது. சோர்ந்து நின்றால் மற்ற கோழிகளே கொத்த ஆரம்பித்துவிடும். இறகைச் சிலிர்த்து, கண்ணை மூடிக்கொண்டு மூலையில் நிற்பதை நாம் பார்க்கும்போது நோய் முற்றியிருக்கும். பஞ்சாரத்தைத் திறந்ததும் தீனிக்கு ஓடிவராத கோழியை அன்றைக்கே கவனியுங்கள். எச்சத்தைப் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, கழுத்து திருகிக்கொண்டால் ராணிக்கெட் என்கிற வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். வாலை இறக்கி முக்கிக்கொண்டே இருந்தால் முட்டை அடைத்திருக்கலாம். அப்போது வயிற்றை அழுத்தாதீர்கள். உள்ளே முட்டை உடைந்தால் உயிருக்கே ஆபத்து. அடிப்பகுதி நனையும்படி வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டு, டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

தண்ணீர் புகட்டுவதில் நான் செய்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. தலையை நிமிர்த்திப் பிடித்து, சங்கில் ஊற்றினேன். கோழிக்கு மூச்சுக்குழல் நாக்குக்குப் பின்னாலேயே திறக்கிறது. ஊற்றுகிற தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடலாம். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். அது தானாக விழுங்கட்டும், அப்புறம் அடுத்த சொட்டு. கஞ்சியும் அப்படித்தான். சின்ன வெங்காயம், மிளகு, சீரகம் அரைத்து உருட்டிக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை, என் அம்மாவும் அதைத்தான் செய்வார். ஆனால் அதையே நம்பி இரண்டு நாள் ஓட்டக்கூடாது. நமக்கு எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக்கை உடைத்துக் கொடுப்பது அதைவிட மோசம். ராணிக்கெட் வைரஸால் வருவது, அந்த மாத்திரைக்குக் கேட்காது.

தனியாகப் பிரிக்காமல் விடுவது, மடியிலேயே வைத்துக் கொஞ்சுவது, இரண்டும் வேண்டாம். ஒரு அட்டைப்பெட்டியில் சாக்கு விரித்து, காற்று அடிக்காத இடத்தில் வையுங்கள். கோழியின் உடம்புச் சூடே 41 டிகிரிக்கு மேல், நோயில் அது சீக்கிரம் குளிர்ந்துவிடும். பல்பு போட்டால் ஒரு பக்கமாகப் போடுங்கள், சூடு தாங்காவிட்டால் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ராணிக்கெட் கிருமி பட்டால் நமக்கும் கண் சிவந்து வீங்கும். ஒரே நேரத்தில் நான்கைந்து கோழி செத்தால் கால்நடை மருந்தகத்துக்குக் கட்டாயம் சொல்லுங்கள், பறவைக்காய்ச்சலாகவும் இருக்கலாம். புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்குக் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

செவலைக்கு முட்டைக் கரு வயிற்றுக்குள்ளேயே இறங்கி, சீழ் பிடித்து, நீர் கோத்திருந்தது. பிழைக்காது, ஊசி போட்டு வலியில்லாமல் உயிரை அனுப்பிவிடலாம் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நான் மாட்டேன் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ராத்திரி முழுக்க அது மூச்சுக்குத் திணறியது. நான் விட மனமில்லாமல் வைத்திருந்ததால் வலி முழுக்க அதற்குத்தான். டாக்டர் அப்படிச் சொன்னால், வீட்டில் எல்லோரும் ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டுச் சரி என்று சொல்லுங்கள்.

"நேற்றே அறுத்திருந்தால் குழம்பாவது வைத்திருக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். நோயில் கிடந்த கோழியைச் சாப்பிடக்கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது. அந்தப் பேச்சுக்காக அழுகையை அடக்கிக்கொள்ளவும் வேண்டாம். ஆறு வருடம் கூடவே திரிந்த உயிர் அது.

கெடிலம் ஆற்றிலோ வாய்க்காலிலோ வீசிவிடாதீர்கள். மழைக்காலத்தில் நம் ஊரில் இரண்டடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். மேடான இடமாகப் பார்த்து, கிணற்றுக்குத் தள்ளி, முடிந்த அளவு ஆழமாகத் தோண்டி, சுண்ணாம்பு தூவி மூடி, மேலே கல்லை வையுங்கள். தேவனாம்பட்டினம் மாதிரி மணல் பூமியில் நாய் ஒரே ராத்திரியில் கிளறிவிடும்.

பிள்ளைகளிடம் "பாட்டி வீட்டுக்குப் போயிருக்கிறது" என்று சொல்லாதீர்கள். என் மகள் ஒரு வாரம் பாட்டிக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு உண்மை தெரிந்தபோது கோழிக்காக ஒரு முறையும், நாங்கள் பொய் சொன்னதற்காக ஒரு முறையும் அழுதாள். குழியில் ஒரு செம்பருத்திப் பூ வைக்க அவளை விட்டிருக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சந்தையில் குஞ்சு வாங்கி வருவதும் வேண்டாம். தொற்றுநோயால் செத்திருந்தால் கிருமி ஈர எச்சத்தில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். கூண்டைக் கழுவி, வெயிலில் காயவைத்து, சுண்ணாம்பு அடித்து, சில வாரம் பொறுங்கள். குஞ்சு வந்தால் ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ராணிக்கெட் ஊசி. நோய் வந்தபின் போடும் தடுப்பூசி காப்பாற்றாது.

செவலையோடு வளர்ந்த கருப்பி இப்போது தனியாக இருக்கிறது. சாயங்காலமானால் துவைக்கிற கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து கத்துகிறது. அந்த நேரத்தில் நானும் ஒரு கை குருணையோடு அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறேன்.