கூட்டத் தலைவரின் காதோரம் ஒரு வேலை: பார்லிமெண்டேரியன் ஆவது எப்படி?

பார்லிமெண்டேரியன் என்றதும் எம்.பி. நினைவுக்கு வந்தால் தப்பில்லை. ஆனால் அமெரிக்காவில் அந்தப் பெயரில் தனியாக ஒரு தொழில் இருக்கிறது. தொழிற்சங்க மாநாட்டிலோ, வீட்டு உரிமையாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திலோ தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விதி என்ன சொல்கிறது என்று காதில் சொல்பவர் அவர். இதற்கு அரசு உரிமம் வேண்டாம். ஆனால் படிப்பு நிறைய வேண்டும்.

படி 1: புத்தகம்

ஹென்றி மார்ட்டின் ராபர்ட் ஒரு ராணுவப் பொறியாளர். 1863-இல் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டு நகரில் ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். அவருக்கோ நடத்தத் தெரியவில்லை, கூட்டம் கைமீறிப் போனது. அந்தச் சங்கடம் 1876-இல் கூட்டம் நடத்தும் விதிகளின் புத்தகமாக வந்தது: 'ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஆஃப் ஆர்டர்'. 2020-இல் வந்த 12-ஆம் பதிப்பு 700 பக்கத்துக்கு மேல். எடுத்த எடுப்பிலேயே அதில் இறங்காதீர்கள். 'இன் பிரீஃப்' என்ற சுருக்கப் பதிப்பு இருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள்.

படி 2: கணக்கு

யாரோ ஒருவர் "பேசினது போதும், ஓட்டுக்கு விடுங்க!" என்று கத்துகிறார். விவாதம் முடிந்துவிட்டதா? இல்லை. அதை அவர் முறையாக முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் வேண்டும். சரி, ஆதரவு 40, எதிர்ப்பு 21. தேறுமா? கால்குலேட்டர் தேட வேண்டாம், எதிர்ப்பை இரட்டியுங்கள்: 42. ஆதரவு அதைத் தொடவில்லை, தோற்றது. வாக்களிக்காமல் சும்மா இருந்தவர்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். புதியவர்கள் பெரும்பாலும் வழுக்குவது இங்கேதான்.

படி 3: சான்றிதழ்

1930-இல் தொடங்கிய நேஷனல் அசோசியேஷன் ஆஃப் பார்லிமெண்டேரியன்ஸில் சேரவே ஒரு தேர்வு உண்டு. அப்புறம் 'ரெஜிஸ்டர்டு' என்ற சான்றிதழ், அதற்கு மேல் 'புரொஃபஷனல் ரெஜிஸ்டர்டு'. 1958-இல் வந்த அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பார்லிமெண்டேரியன்ஸும் இதேபோல் இரண்டு நிலைச் சான்றிதழ் தருகிறது. எதில் சேர்ந்தாலும் நல்லதுதான்.

படி 4: பைலா

ராபர்ட் புத்தகம் சொல்வதும் சங்கத்தின் பைலா, அதாவது அதன் சொந்த விதிகள், சொல்வதும் முட்டிக்கொண்டால், பைலாவே ஜெயிக்கும். அதனால் கூட்டத்துக்கு முந்தைய வாரமே பைலாவை வாங்கி வரி விடாமல் படியுங்கள். கோரம் (கூட்டம் செல்ல குறைந்தபட்சம் இருக்க வேண்டிய ஆட்கள்) எத்தனை, பிராக்ஸி ஓட்டு (வராதவருக்காக வேறொருவர் போடும் ஓட்டு) உண்டா என்பதைக் குறித்து வையுங்கள். முதல் சில கூட்டங்களைச் சின்னச் சங்கங்களுக்குக் காசு வாங்காமல் செய்துகொடுங்கள். பலர் வேறு வேலையில் இருந்தபடியே இதைச் செய்கிறார்கள். மாதச் சம்பளத்தை எதிர்பார்த்து வராதீர்கள்.

படி 5: வாயை மூடிக்கொள்வது

என்னைக் கேட்டால் இதுதான் கஷ்டம். நீங்கள் ஆலோசனைதான் சொல்லலாம். தீர்ப்புச் சொல்வது தலைவர். அந்தத் தீர்ப்பு பிடிக்காவிட்டால் உறுப்பினர்கள் சபையிடமே மேல்முறையீடு செய்யலாம். சங்க உறுப்பினர் ஒருவரே இந்தப் பொறுப்பில் உட்கார்ந்தால், விவாதத்தில் பேசக்கூடாது, ரகசிய வாக்கெடுப்பு தவிர வேறெதிலும் ஓட்டும் போடக்கூடாது. வெளியிலிருந்து ஆளைக் கூப்பிடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தலைவர் தப்பாகப் போகிறார் என்று தெரிந்தால் துண்டுச் சீட்டு எழுதி நகர்த்துங்கள். பெரிய எழுத்தில், நாலைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். அந்தக் கூச்சலுக்கு நடுவே அவரால் அவ்வளவுதான் படிக்க முடியும்.