குடும்பக் கல்வி மாணவர்களுக்கு ஆலோசகராக இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்ப வாழ்வியல் கல்வித் துறைக்குப் புதிதாக வரும் கல்வி ஆலோசகர்கள், ஒருகாலத்தில் நான் செய்த சொதப்பல்களையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். பதிவுத் தேதியைத் தவறவிடாதீர்கள், மின்னஞ்சலுக்குப் பதில் போடுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

முதல் சந்திப்பிலேயே பாடப் பட்டியலைத் திறப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இது. மாணவர் வந்து உட்கார்ந்ததும் எந்த செமஸ்டரில் எந்தப் பாடம் என்று கட்டம் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். படித்து முடித்து என்ன வேலை செய்ய நினைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்பதே இல்லை.

முதுகலை கடைசி செமஸ்டரில் இருந்த ஒரு மாணவி, ஆய்வேடு பாதி முடிந்த நிலையில், போகிற போக்கில் கேட்டார்: "மேடம், உரிமத்துக்கு எப்போ விண்ணப்பிக்கணும்?" எந்த உரிமம் என்றேன். "குடும்ப சிகிச்சை செய்யறதுக்குத்தான்." அவருடைய கோப்பைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் பாடக் குறியீடு, கிரெடிட் கணக்கு, ஆலோசகர் கையெழுத்து. அவர் என்னவாக விரும்புகிறார் என்று ஒரு வரி கிடையாது. சிகிச்சைக்கு உரிமம் கேட்கும் இடங்களில் அதற்கென்று தனிப் படிப்பும், மேற்பார்வையில் சிகிச்சை அளித்த மணிநேரங்களும் வேண்டும். எங்கள் பாடத்திட்டத்தில் இரண்டுமே இல்லை. அவர் மறுபடி வேறொரு படிப்பில் முதலிலிருந்து சேர வேண்டியதாயிற்று. அந்தப் பணத்தையும் காலத்தையும் யார் திருப்பிக் கொடுப்பது?

இந்தக் குழப்பம் புதிதும் இல்லை. இத்துறை ஆய்வாளர் மையர்ஸ்-வால்ஸும் அவருடைய சகாக்களும் 2011இல் இதற்கென்றே ஒரு மாதிரியை வகுத்தார்கள். குடும்பங்களுக்கு அறிவும் திறனும் வளர உதவுவது குடும்ப வாழ்வியல் கல்வி. பழுதான உறவைச் சீர்செய்ய உதவுவது சிகிச்சை. சட்ட விதிகளுக்கு ஈடுகொடுக்கவும் உதவிகளைத் தேடிப் பெறவும் கூட நிற்பது மூன்றாவது பணி. மூன்றையும் ஒரு தாளில் எழுதி மாணவர் முன் வையுங்கள். எது தன் வேலை என்று அவரே சொல்லட்டும். சொன்னதைத் தேதியோடு கோப்பில் குறியுங்கள். சிகிச்சை என்று சொன்னால், இந்தப் பட்டம் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்காது என்பதை அன்றே சொல்லிவிடுங்கள். சேர்க்கை குறையுமே என்று துறையில் முணுமுணுப்பார்கள். குறையட்டும்.

சான்றிதழைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது

அமெரிக்காவின் தேசியக் குடும்ப உறவுகள் கவுன்சில் 1985 முதல் குடும்ப வாழ்வியல் கல்வியாளர் சான்றிதழ் வழங்கிவருகிறது. அதற்கு 10 பாடப் பரப்புகள் உண்டு. பெற்றோர் கல்வி, மனித வளர்ச்சி எல்லாம் மாணவர்கள் ஆசையாக எடுப்பவை. குடும்பச் சட்டமும் பொதுக் கொள்கையும் என்றால் நழுவிவிடுவார்கள். முதல் செமஸ்டரிலேயே பத்தையும் எதிரே வைத்து ஓட்டையைத் தேடுங்கள்.

அனுமதி வருமுன் பேட்டி எடுக்க விடுவது

விடாதீர்கள். ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு முன்தேதியிட்டு அனுமதி தராது. ஆய்வில் குழந்தைகள் இருந்தால் பெற்றோர் அனுமதியோடு குழந்தையின் சம்மதத்தையும் கேட்பார்கள். அதற்கும் சேர்த்து நாள் ஒதுக்குங்கள்.

களப்பயிற்சி இடத்தை மாணவரே தேடிக்கொள்வார் என்பது

தேடிக்கொள்வார். அங்கே போய்க் கோப்பு அடுக்குவார்.

சொந்தக் கதையைத் தலைப்பாக்கக் கூடாது என்று தடுப்பது

பெற்றோர் பிரிந்த வீட்டில் வளர்ந்தவர் மணவிலக்கு பற்றி ஆராய வருவது இந்தத் துறையில் சகஜம். புது ஆலோசகர்கள் பதறிப்போய் வேறு தலைப்பைத் திணிக்கிறார்கள். அப்புறம் அந்த ஆய்வேடு நகராது. தலைப்பில் கைவைக்காமல் இரண்டு விஷயங்களை மட்டும் உறுதிசெய்யுங்கள்: பேட்டிகளை வகைப்படுத்தும்போது இன்னொருவரும் தனியாக வகைப்படுத்திப் பார்க்க வேண்டும், தன் அனுபவம் எங்கே குறுக்கிடுகிறது என்று மாணவர் தொடர்ந்து குறிப்பெழுதி நெறியாளரிடம் காட்ட வேண்டும்.